பூஜையன்று மினுக்கிய பச்சை விளக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சில வார்த்தைகளைக் கேட்டால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. எங்கள் தி. நகர் கம்பெனியில் இப்போது என் இடத்தில் இருக்கும் சரவணன் போன் செய்தான். அடையாறில் ஒரு சின்ன கிளினிக். டாக்டருக்கு வீட்டில் இருந்தபடியே கிளினிக் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டுமாம்.

"முறையா செய்யறதுக்கு டைம் ஆவும் பாய். ரெண்டே நாளைக்கு நேரா தொறந்து வுட்டுடுங்கன்றாரு. வுட்டுடலாமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் "வேணாம்" என்று போட்ட சத்தத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவளிடம் சொன்னேன். ஆனால் அதன்பிறகு சோறு இறங்கவில்லை. மறுமுனையில் சரவணன் சிரித்தான். "கொலை பண்ணச் சொன்ன மாதிரி பயப்படுறீங்களே பாய்!" ஏன் பயப்படுகிறேன் என்று போனில் சொல்லத் தொடங்கினேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். உண்மைதான். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து படுத்தபின், எழுந்துபோய் இன்னொரு தடவை பார்ப்பேன். என் தொழிலுக்கு அந்தக் குணம் வேண்டியிருந்தது. கோடம்பாக்கத்தில் ஒரு டிவி ரிப்பேர்க் கடையில் தொடங்கினேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதற்கு மாறினேன். பிறகு சின்ன ஆபீஸ்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். மயிலாப்பூரில் வக்கீல்கள், தி. நகரில் ஆடிட்டர்கள், அடையாறில் டாக்டர்கள். எல்லோருக்கும் நான் 'பாய்'தான். என் முழுப்பெயர் சம்பளச் செக்கில் மட்டும் இருக்கும்.

முதலாளி தேவராஜ் சைதாப்பேட்டைக்காரர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும், பேச்சு குறைவாக இருக்கும். "வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி வேண்டும்" என்று எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"யாருக்கு?"

"ஸ்டாஃப் எல்லாருக்கும்தான் சார்."

"எல்லாருன்னு ஒர்த்தரும் கெடியாதுபா. பேரைச் சொல்லு."

பெயர்கள் வரும்வரை அவர் பையைத் திறக்க மாட்டார். வேலை முடிந்தாலும் கிளம்பிவிட மாட்டார். கீழே இறங்கி ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று, தன் சொந்தப் போனின் இன்டர்நெட்டில், நாங்கள் சற்று முன் பூட்டிவிட்டு வந்த ஆபீஸுக்குள் நுழையப் பார்ப்பார். டீ ஆறிப்போகும், அவர் கவனிக்க மாட்டார். "உள்ள நின்னு பாத்தா எல்லா பூட்டும் நல்லாதாம்பா கீது. வெளிய வந்து ஆட்டிப் பாரு" என்பார். அவரை நாங்கள் பின்னால் கேலி செய்ததுண்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் தெருவில் நின்று வீட்டை ஆட்டிப் பார்த்தாராம் என்று ஒரு கதை கட்டிவிட்டிருந்தோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆபீஸில் நாலைந்து கம்ப்யூட்டர் இருக்கும். கோப்புகள் எல்லாம் அதில் ஒன்றில் இருக்கும், அதைச் சர்வர் என்போம். வீட்டிலிருந்து அதைத் தொட இரண்டு வழி உண்டு. முதலாவது சோம்பேறி வழி. இன்டர்நெட் வந்து நுழையும் ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்து, வருகிறவரை நேராகச் சர்வர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவது. பாஸ்வேர்டு ஒன்றுதான் காவல். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து அதை ஆட்டிப் பார்க்கலாம். இயந்திரங்களை வைத்து ஓயாமல் ஆட்டிப் பார்க்கவும் செய்கிறார்கள். இன்னொன்று வி.பி.என். வருகிறவர் ரூட்டரிலேயே நின்று தான் யார் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அவருக்கென்று மூடிய பாதை ஒன்று கிடைக்கும், வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. டாக்டர் 'நேரா தொறந்து வுடுங்க' என்றது முதல் வழியை.

இனி மயிலாப்பூர்க் கதை. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடியில், மைதிலி மேடத்தின் வக்கீல் ஆபீஸ். குடும்ப வழக்குகள்தான் அதிகம். லாக்டவுன் காலத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த ஒப்பந்தம் விட்டுப்போயிருந்தது. கோர்ட்டுகள் மறுபடி நேரில் நடக்கத் தொடங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டார். லாக்டவுனில் ஜூனியர் வக்கீல் கார்த்திக், வீடியோ பார்த்து, தானே ஏதோ செய்து வீட்டிலிருந்து வேலை பார்த்தானாம். அது பத்திரமானதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது.

"முறையா பண்ணிக் கொடுங்கோ பாய். நாளன்னிக்கு விஜயதசமி. அன்னிக்கு ஆரம்பிச்சுடலாம். நாளைக்கு ஆயுத பூஜை, பொரி வாங்கிண்டு போக வாங்கோ."

நல்ல நாள் பார்த்து வேலை தொடங்குவது இந்த ஊரில் எங்கும் உள்ளதுதான். நானும் சரி என்றேன்.

மறுநாள் நான் போனபோது பூஜை முடிந்திருந்தது. வாசலில் உடைத்த பூசணிக்காயைத் தாண்டி மேலே ஏறினேன். சட்டப் புத்தகங்கள், பிரிண்டர், கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, மேலே சாமந்திப் பூ வைத்திருந்தார்கள். எல்லாமே அணைந்து கிடந்தன. சர்வரை மட்டும் முதல் நாள் மாலை கார்த்திக் அணைக்க மறந்திருக்கிறான். பொட்டு வைத்தபின் எதையும் தொடக் கூடாது என்பதால் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மேடமும் கார்த்திக்கும் மட்டும் இருந்தார்கள். தொன்னையில் சுண்டலைக் கொடுத்தார்கள். ஒரு வாய் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் மூலையைப் பார்த்தேன்.

மூலையில் சுவரில் சுவிட்ச் என்கிற சின்னப் பெட்டி. எல்லாக் கம்ப்யூட்டர்களின் வயர்களும் அதில்தான் வந்து சேரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. சர்வரின் விளக்கு மினுக்கியது. சும்மா இருக்கும் கம்ப்யூட்டரின் விளக்கும் அவ்வப்போது மினுக்கும், அது வேறு. இது நிற்காமல், மூச்சு வாங்குகிற மாதிரி துடித்தது. உள்ளே இருந்து ஏதோ வெளியே போய்க்கொண்டிருந்தது.

தானாக அப்டேட் ஆகிறதாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் தொன்னையைக் கீழே வைத்துவிட்டேன்.

"கார்த்திக், வீட்டிலேருந்து யாராவது கனெக்ட் பண்ணியிருக்காங்களா?"

"என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே பாய். நான் இங்கதானே இருக்கேன்."

நான் ரூட்டரை நோக்கி நடந்தேன். அதற்கும் பொட்டு இருந்தது. மேடம் பதறிப்போய்க் குறுக்கே கை நீட்டினார். "பாய், இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"மேடம், உள்ள யாரோ இருக்காங்க."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான் விளக்கைக் காட்டினேன். எத்தனையோ சாட்சிகளைக் கூண்டில் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். நான் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். விளக்கின் துடிப்பு அந்த நொடியே நின்றது. நான் வணங்குகிற முறை வேறு, ஆனாலும் விரலில் ஒட்டிய குங்குமத்தைச் சட்டையில் துடைக்க மனம் வரவில்லை.

சர்வர் மேலிருந்த பூவை மேடமே எடுத்து ஓரமாக வைத்தார். "அம்பாள் புரிஞ்சுப்பா. பாருங்கோ."

தன்னிடம் யார் எப்போது வந்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானே குறித்துக்கொள்ளும். கார்த்திக் செய்து வைத்திருந்தது அந்தச் சோம்பேறி வழிதான். கண்ட கண்ட பெயர்களில் முயன்று, தோற்று, மறுபடி முயன்ற தடங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றைப் பார்த்து நான் பயப்படவில்லை, அவை இயந்திரங்கள். நடுவில் வேறு ஒருவர் வந்திருந்தார். பலமுறை வந்திருந்தார். ஒரு தடவைகூட பாஸ்வேர்டைத் தப்பாகப் போடவில்லை. இன்று காலை பூஜைக்கு மணியடித்த நேரத்திலும் உள்ளே இருந்திருக்கிறார். கடைசியாக அவர் திறந்த கோப்பின் பெயரைப் படித்தேன்.

மேடம் திரையைக் குனிந்து பார்த்தார். "ஐயோ, நிர்மலா!"

பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். புருஷனின் அடிக்குத் தப்பி, சின்னப் பெண்குழந்தையோடு வந்தவள். என் மகள் வயது. மேடம்தான் கொட்டிவாக்கத்தில் அறை பார்த்துக் குடிவைத்திருந்தார். கோர்ட்டுக்குப் போகும் காகிதங்களில் ஆபீஸ் முகவரிதான் இருக்கும். உண்மை முகவரி இந்த ஒரு கோப்பில் மட்டும் இருந்தது.

"அவங்க புருஷன் எங்க வேலை பார்க்கிறார் மேடம்?"

"பெருங்குடியில. ஐ.டி. கம்பெனி." நிறுத்தி, என்னைப் பார்த்தார். "உங்க வேலைதான் பாய். நெட்வொர்க் பாதுகாப்பு."

அதைக் கேட்டபோது வந்த பயம் இன்றும் அப்படியே இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆளுக்கும் தெரியும். அந்த விளக்கு துடிப்பதை நிறுத்தியதும், யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அங்கே தெரிந்திருக்கும். இனி காத்திருக்க மாட்டான். பெருங்குடிக்கும் கொட்டிவாக்கத்துக்கும் பக்கம். லீவு நாள், ரோட்டில் வண்டி இல்லை.

மேடம் நிர்மலாவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினார், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். மயிலாப்பூரிலிருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ! அப்போதுதான் முதலாளி ஞாபகம் வந்தது. பூஜைக்கு, கொட்டிவாக்கத்தை ஒட்டிய திருவான்மியூரில் தங்கை வீட்டில் இருப்பதாகக் காலையில் சொல்லியிருந்தார்.

நான் உளறிக்கொட்டியதைத் தேவராஜ் குறுக்கிடாமல் கேட்டார். "வயரைப் புடுங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். "சரி, அட்ரஸ் சொல்லு."

நான் மேடத்தைப் பார்த்தேன். அந்த முகவரியை நான் சொல்லலாமா என்றே தெரியவில்லை. மேடம் போனை வாங்கி, மூவர் மட்டும் இருந்த அறையில், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

அதன்பிறகு காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை. நான் தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன். மேடம் சும்மா இருக்கவில்லை. கார்த்திக்கை எதிரே உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். பயத்தில் அவர் குரல் நடுங்கியது, கேள்விகள் நடுங்கவில்லை.

"சமரசப் பேச்சுக்கு அவன் வந்தானே, அன்னிக்கு எங்க உட்கார்ந்திருந்தான்?"

"வெளி ரூம்ல, என் டேபிளுக்கு எதிர்ல மேடம்."

"என்ன பேசினான்?"

"லாக்டவுன்ல எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டார். வீட்டிலேருந்தே சர்வருக்குப் போயிடுவேன்னு சொன்னேன். அப்புறம்... மெயில் அனுப்பணும்னு வைஃபை கேட்டார். குடுத்தேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வைஃபையில் சேர்ந்தவனுக்கு, அந்த ஆபீஸ் இன்டர்நெட்டில் எந்த முகவரியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இனி வாசல் எங்கே என்று தேட வேண்டாம்.

"பாஸ்வேர்டு?" என்றார் மேடம்.

கார்த்திக் மேடத்தையே பார்த்தான். மேடம்தான் மெதுவாகச் சொன்னார். "நீ அங்கேருந்து, 'சிஸ்டம் பாஸ்வேர்டு மாத்திட்டேளா மேடம்'னு கத்தினே. நான் உள்ளேருந்து, 'இல்லைடா, அதே கற்பகாம்பாளும் டோர் நம்பரும்தான்'னு கத்தினேன். அவன் காபி குடிச்சிண்டிருந்தான். நான்தான் காபி கொடுக்கச் சொன்னேன்."

யாரும் யாரையும் திட்டவில்லை. எந்த ஆபீஸிலும் நடப்பதுதான் அது. சாமி பெயரும் கதவு எண்ணும் இல்லாத பாஸ்வேர்டை நான் இந்தப் பக்கம் பார்த்ததே அபூர்வம். குரல் கொடுத்துக் கேட்காத ஆபீஸையும் பார்த்ததில்லை.

கடைசியில் தேவராஜ் போன் செய்தார். "வண்டில ஏத்திட்டேன். எங்க வூட்டுக்குப் போய்க்கினு கீறோம்." மேடம் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

நடந்ததைத் தேவராஜ் பிறகு சொன்னார். நாங்கள் வேனில் கருவிகள் கொண்டுபோவோம் இல்லையா, மாலையும் வாழைக்கன்றும் கட்டின கோலத்தோடு அதையே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"தட்டுனேன், கதவு தொறக்கல. மேடம் பேரைச் சொன்னேன், போனை எடுத்துப் பாரும்மான்னேன். பாப்பா, அம்மா போனையும் பொஸ்தகத்தோட பூஜையில வெச்சிக்கீது பாய், அதான் எடுக்கல. ஒரு பைய எடுத்துக்கினு வண்டில ஏறிட்டாங்க. தெருமுனைல எதுக்கால ஒரு பைக் வந்துச்சு. இன்னிக்கு ஊர்ல பொட்டு இல்லாத வண்டி ஏது? அதுல ஒரு பூ கூட இல்ல. அந்தம்மா பாத்துச்சு. பாப்பா தலைய மடில அமுக்கிக்கினு அதுவும் குனிஞ்சிக்கிச்சு. வந்தது யாருன்னு நான் கேக்கல. ஹாரன் கூட அடிக்காம போய்க்கினே இருந்தேன்."

மறுநாள் விஜயதசமி. சொன்னபடியே வேலையைத் தொடங்கினோம். வழக்கு, புகார் எல்லாம் மேடம் பார்த்துக்கொண்டார், அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. எனக்கு அந்த ஆபீஸில் இனி எந்த வாசலும் திறக்கவே பயமாக இருந்தது. வீட்டிலிருந்து வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். தேவராஜ் தலையாட்டினார். "மேடம் மதுரைக்குப் போவும், கோர்ட்ல நிக்கும், அங்கேர்ந்து ஃபைலைப் பாக்கணும். தொறக்காம பொழப்பு நடக்காது பாய். பேரு சொல்லித் தொற."

முதலில் பழைய வாசலை அடைத்தோம். அந்த சர்வரை நம்பாமல், நல்ல கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினோம். ரூட்டரை மாற்றி அதில் வி.பி.என். அமைத்தோம். மேடத்துக்கு ஒரு சாவி, கார்த்திக்குக்கு ஒரு சாவி. சாவி என்றால் அவரவர் லேப்டாப்பில் மட்டும் இருக்கும் ஒரு கோப்பு, ஒருவருடையது இன்னொருவருக்குப் பயன்படாது. சாவி இருந்தாலும் போதாது, அவரவர் போனில் மாறிக்கொண்டே இருக்கும் எண்ணையும் போட வேண்டும். உள்ளே வந்தபின்னும் கார்த்திக் தன் வழக்குகளை மட்டும்தான் பார்க்கலாம். வருகிறவர்களுக்கான வைஃபையைத் தனியாகப் பிரித்து, அதிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுகூடக் கண்ணில் படாதபடி செய்தோம். யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றே அவர் சாவியைச் செல்லாமல் ஆக்குவது எப்படி என்று மேடத்துக்குச் செய்து காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை தன் கையால் செய்து பார்த்துக்கொண்டார். நிர்மலாவின் புது முகவரியை அவர் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்றவில்லை, மனப்பாடம் செய்துகொண்டார்.

பிறகு தேவராஜ் கீழே டீக்கடைக்குப் போனார். அன்றைக்கு நானும் கூடப் போனேன். அவர் போனை என்னிடம் கொடுத்து, "இன்னிக்கு நீ ஆட்டு" என்றார். அந்த ஆள் எனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரிந்தவன் ஆயிற்றே, அவன் என்னவெல்லாம் செய்வானோ அத்தனையும் செய்து பார்த்தேன். கதவு அசையவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். டீ ஆறிப்போயிற்று.

தேவராஜ் இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த மாடிக்குப் போகிறேன். பொரிக்காகத்தான் வருகிறேன் என்று கார்த்திக் கேலி செய்வான். நான் நேரே மூலைக்குப் போய் சுவிட்சின் முன் நிற்பேன். எல்லாம் அணைந்து, எந்த விளக்கும் எரியாமல் இருந்தால்தான் எனக்குச் சுண்டல் இறங்கும்.

இந்த வருஷம் போனபோது நிர்மலாவும் வந்திருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாப்பா நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது, பொரியை அதுதான் எனக்கு அள்ளிக் கொடுத்தது. எங்கே குடியிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வழக்கு முடிந்து விவாகரத்து கிடைத்தாயிற்று என்றாள். வேலைக்குப் போகிறாளாம். சிரித்தும் பேசினாள். மேடம் சாமிப் படத்துப் பூவைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார். கிளம்பும்போது பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றவள், வெளியே போகவில்லை. என்னிடம் திரும்பினாள்.

"பாய், கீழ யாராவது நிக்கிறாங்களான்னு பாத்துட்டு வர்றீங்களா?"

எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. படியிறங்கி, உடைத்த பூசணிக்காயைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் போய் நின்றேன். தெருவின் இரண்டு முனையையும் பார்த்தேன். நிறுத்தியிருந்த ஒவ்வொரு வண்டியாகப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. முதலில் இருந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான், மேலே ஜன்னலைப் பார்த்து, "வரலாம்மா" என்று குரல் கொடுத்தேன்.